பிரியும் வழியை முதலில் எழுதுங்கள்: வெஸ்ட்மின்ஸ்டருக்கும் ஹோலிரூடுக்கும் ஒரு திறந்த மடல்

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் ஐக்கிய இராச்சிய நாடாளுமன்றம், எடின்பரோ ஹோலிரூடில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், இரண்டிலும் இருக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கு,

ஸ்காட்லாந்து ஐக்கிய இராச்சியத்தை விட்டுப் பிரிய வேண்டுமா கூடாதா என்று வாதாட நான் இதை எழுதவில்லை. கிளாஸ்கோவில் எங்கள் தெருவிலேயே இரண்டு பக்கத்துக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் கேட்பது அதற்கு முந்தைய விஷயம். பிரிவது என்றால் எப்படிப் பிரிவது? அந்தக் கேள்வியை மக்கள் முன் வைக்கும் அதிகாரம் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வைக்கலாம், எவ்வளவு பேர் ஆம் என்றால் அது முடிவாகும், முடிவான மறுநாள் இங்கே வாழ்கிறவர்களின் குடியுரிமையும் தங்கும் அனுமதியும் ஓய்வூதியமும் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கும்? அதிகாரம் யாருக்கு என்பதைத் தவிர இதில் ஒன்றுக்குக்கூட இன்று சட்டத்தில் பதில் இல்லை. பதில் எழுத வேண்டியவர்கள் நீங்கள். எழுதாமல் விடுவதையே இரண்டு பக்கமும் ஒரு தந்திரமாக வைத்திருக்கிறீர்கள். அதை இனியும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

2022 நவம்பர் 23 அன்று ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஹோலிரூடை உருவாக்கிய 1998-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஒன்றியம் பற்றிய விஷயம் வெஸ்ட்மின்ஸ்டரின் கையில் இருக்கிறது, ஆகவே சுதந்திரம் பற்றிய வாக்கெடுப்புக்கு ஹோலிரூட் தானாகச் சட்டம் போட முடியாது, அது யாரையும் கட்டுப்படுத்தாத, வெறும் கருத்துக் கேட்கும் வாக்கெடுப்பாக இருந்தாலும் சரி. அந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டை இல்லை. இருக்கிற சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்வதுதான் நீதிபதிகளின் வேலை, அதை அவர்கள் செய்தார்கள். சட்டத்தில் இல்லாததை எழுதுவது உங்கள் வேலை, அதைத்தான் யாரும் செய்யவில்லை. தீர்ப்பு வந்த அன்றே ஒரு பக்கம் விஷயம் முடிந்தது என்றது. இன்னொரு பக்கம், சரி, அடுத்த பொதுத்தேர்தலையே வாக்கெடுப்பாக எடுத்துக்கொள்கிறோம் என்றது. முதலாவது, கேள்வியே இல்லாதது போல நடிப்பது. இரண்டாவது, மருத்துவமனைக்கும் வீட்டு வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துப் போடும் ஓட்டுக்கு ஒரு தேசத்தையே பிரிக்கும் பொருளை ஏற்றிவிடுவது. இரண்டையும் சட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

இதே ஐக்கிய இராச்சியத்துக்குள் ஒரு பகுதிக்கு மட்டும் வெளியே போகும் வழி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் தென்மேற்குக் கரையில் நின்றால் தெளிவான நாளில் வட அயர்லாந்து கண்ணுக்கே தெரியும். அங்கே 1998-ஆம் ஆண்டின் பெல்ஃபாஸ்ட் அமைதி ஒப்பந்தமும் அதை ஒட்டி வந்த சட்டமும் இருக்கின்றன. அங்குள்ள பெரும்பான்மை ஒன்றுபட்ட அயர்லாந்தில் சேர விரும்பக்கூடும் என்று வட அயர்லாந்துக்குப் பொறுப்பான லண்டன் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். ஒன்று நடந்தால் அடுத்ததற்கு ஏழு வருடமாவது பொறுக்க வேண்டும். அதிலும் ஓட்டை உண்டு, பெரும்பான்மை இருக்கிறது என்பதை அமைச்சர் எதை வைத்து முடிவு செய்வார் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் வழி என்று ஒன்று இருக்கிறது, ஐக்கிய இராச்சியத்தோடு இருக்க விரும்பும் சமூகம், அயர்லாந்தோடு சேர விரும்பும் சமூகம், இரண்டுக்கும் அது தெரியும். எங்களுக்கு என்ன இருக்கிறது? பிரதமராக இருப்பவரின் மனநிலை இருக்கிறது. 2012-ல் ஒரு பிரதமர் எடின்பரோவுக்கு வந்து வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார், ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின் கீழ் ஹோலிரூடுக்கு அதற்கான அதிகாரம் தரும் ஆணை பிறந்தது, 2014-ல் வாக்கெடுப்பு நடந்தது. 2017-ல் இன்னொரு பிரதமர் இது அதற்கான நேரமில்லை என்றார். 2020-ல் இன்னொருவர் கடிதத்திலேயே முடியாது என்று முடித்துவிட்டார். 1707-ல் இரண்டு நாடாளுமன்றங்கள் ஒப்புக்கொண்டு உண்டான ஒன்றியம், விருப்பத்தின் பேரில் நிற்கும் ஒன்றியம் என்று நீங்களே மேடைதோறும் சொல்கிறீர்கள். விருப்பம் மாறினால் அதை எங்கே போய்ச் சொல்வது என்பதற்கு மட்டும் ஓர் இடம் இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நான் இங்கே பிறந்தவள் இல்லை. என் வாழ்க்கையில் பெரிய முடிவுகள் எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும் இரண்டு வரியில் தொங்கியிருக்கின்றன. அந்த மாதிரி வாழ்கிறவர்களுக்கு அரசியலமைப்பு என்பது பேராசிரியர்களின் பாடம் மட்டும் இல்லை.

2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்களில் எங்கள் சமையலறை மேசையில் இரண்டு அரசுகளும் வெளியிட்டவை கிடந்தன. ஒரு பக்கம் ஸ்காட்லாந்து அரசின் தடித்த வெள்ளை அறிக்கை, அதில் 2016 மார்ச் 24 சுதந்திர நாள் என்று தேதியே போட்டிருந்தார்கள். மறுபக்கம் லண்டன் அரசு ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனியாக வெளியிட்ட ஆய்வறிக்கைகளிலிருந்து நான் அச்செடுத்த பக்கங்கள். அப்போது என் கணவருக்குக் குடியுரிமை கிடைத்திருக்கவில்லை, காலவரையற்றுத் தங்கும் அனுமதி மட்டும் இருந்தது, எங்கள் பேச்சில் ஐஎல்ஆர். அந்த அனுமதியின் விதி ஒன்று எங்கள் நிலையில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம்: ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியே தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் அது செல்லாது. ஊரில் அப்பா அம்மா படுக்கையில் கிடந்தாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் நாங்கள் டிக்கெட் போடுவோம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் பகுதியாக இல்லாமல் போகிற நாளில், கிளாஸ்கோவில் தன் வீட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஒரு மனிதர் ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியே போனவர் ஆகிவிடுவாரா? அந்த இரண்டு வருடக் கடிகாரம் அன்றைக்கே ஓட ஆரம்பிக்குமா? புதிய ஸ்காட்லாந்து அவருக்கு அதே அனுமதியைத் தானாகத் தருமா, இல்லை வரிசையில் நின்று கட்டணம் கட்டி முதலிலிருந்து வாங்க வேண்டுமா? ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். ஸ்காட்லாந்து அறிக்கையில் இங்கே வசிக்கும் பிரிட்டிஷ் குடிமக்கள் தானாகவே ஸ்காட்லாந்துக் குடிமக்கள் ஆவார்கள், குடியேறியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. எதிர்ப் பக்கத்தில், பிரிந்த பிறகு பிரிட்டிஷ் குடியுரிமையை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதை அப்போது இருக்கும் அரசு பார்த்துக்கொள்ளும் என்ற தொனி. என் கணவரின் இரண்டு வருடக் கணக்குக்கு எதிலும் பதில் இல்லை. ஒரு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். தற்போது எந்த மாற்றமும் இல்லை என்று பதில் வந்தது. தற்போது எதுவும் மாறவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், நாங்கள் கேட்டது அது இல்லையே.

அந்தச் சமயத்தில் சர்வதேசச் சட்டம் பற்றி ஒரு தெளிவு மட்டும் கிடைத்தது. ஜேம்ஸ் கிராஃபோர்டு, ஆலன் பாயில் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் லண்டன் அரசுக்காக எழுதிய கருத்துரை 2013 பிப்ரவரியில் வெளியானது. எஞ்சிய ஐக்கிய இராச்சியம் பழைய நாடாகவே தொடரும், ஸ்காட்லாந்து புதிதாகப் பிறக்கும் நாடாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். சோவியத் யூனியன் கலைந்தபோது ஐநா நாற்காலி ரஷ்யாவுக்குப் போன மாதிரி. நாற்காலியும் ஒப்பந்தங்களும் யாருக்கு என்பதற்கு இப்படி ஒரு விடை இருக்கிறது. மனிதர்கள் யாருக்கு என்பதற்கு இல்லை. தேசியக் காப்பீட்டுக்கு நான் இங்கிலாந்தில் சில வருடம் கட்டினேன், அப்புறம் ஸ்காட்லாந்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 வருடக் கணக்கு வேண்டும். இரண்டு நாடாகிவிட்டால் அந்த வருடங்களை யார் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவார்கள் என்று சொல்லும் சட்டம் எதுவும் என் கையில் இல்லை.

இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வாக்கெடுப்பு நடக்கட்டும் என்பவர்களுக்கு நான் பிரெக்ஸிட்டைத்தான் காட்டுவேன். அதை நான் செய்தித்தாளில் மட்டும் படிக்கவில்லை, வேலை செய்த பராமரிப்பு இல்லத்தின் ஓய்வறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

என்னோடு இரவு வேலை பார்த்தவர் போலந்துக்காரர், என்னைவிட நன்றாக கிளாஸ்கோ ஆங்கிலம் பேசுவார். 2014 வாக்கெடுப்பில் இங்கே வசித்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் ஓட்டு இருந்தது, காமன்வெல்த் குடிமக்களான எங்களுக்கும் இருந்தது, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலையாக இருக்க வேண்டுமானால் ஐக்கிய இராச்சியத்தோடு இருங்கள் என்று அப்போது பிரசாரம் நடந்தது, அதை நம்பி அவர் ஓட்டுப் போட்டார். 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா என்ற கேள்வி வந்தபோது எனக்கு ஓட்டு இருந்தது, அவருக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள், மொத்த ஐக்கிய இராச்சியத்தில் 51.9 சதவீதம் பேர் போகலாம் என்றார்கள், போயாயிற்று. போவது என்றால் என்ன என்று ஓட்டுச் சீட்டு வந்த நாளில் யாருக்கும் தெரியாது. சுங்க எல்லை எங்கே வரும், வட அயர்லாந்து எந்தப் பக்கம், இங்கே வேர் விட்ட ஐரோப்பியர்கள் கதி என்ன, எல்லாம் ஓட்டு எண்ணிய பிறகுதான் பேசப்பட்டது. அவரைப் போன்றவர்கள் இங்கே தொடர்ந்து தங்க விண்ணப்பிக்கும் திட்டம் முழுமையாகத் திறக்கவே 2019 ஆனது.

அந்த விண்ணப்பத்தை அவர் செய்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாஸ்போர்ட்டில் இருக்கும் சிப்பை ஃபோன் படிக்க வேண்டும், அவர் ஃபோன் படிக்கவில்லை, என் ஃபோனைக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து, ஃபோனை அதன் மேல் வைத்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினோம். நடுவில் மேல்மாடியில் ஒரு அம்மா அழைப்பு மணி அடித்தார், நான் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோதும் அவர் அதே இடத்தில் ஃபோனை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிப் ஒருவழியாகப் படித்தது. ஆனால் அவர் குழந்தைகளோடு வீட்டில் இருந்த காலத்துக்கு வரிப் பதிவு இல்லை, அந்தக் காலத்தில் இங்கேதான் இருந்தேன் என்று நிரூபிக்க குழந்தைகள் காப்பகத்தின் கடிதம், மருத்துவரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகத் தேடினார். சரியாக இரவு இரண்டு மணிக்கு எங்கள் பெரியவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஒரு பெண், இந்த நாட்டில் தான் இருந்ததற்கே சாட்சி தேடிக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பை முதலில் நடத்தி விதியைப் பிறகு எழுதினால் அதற்கான விலையை இவரைப் போன்றவர்கள்தான் கொடுக்கிறார்கள். இதே வேலையை இன்னொரு முறை, இந்தத் தடவை எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறீர்களா?

வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினர்களே, இது ஸ்காட்லாந்தின் பிரச்சினை மட்டும் என்று நினைத்தால் உங்கள் சொந்த அவையை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். 650 பேரில் 57 பேர் ஸ்காட்லாந்துத் தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். வாக்கெடுப்பில் ஆம் என்று முடிவு வந்த நாளுக்கும் பிரியும் நாளுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடக்கும் வருடங்களில் அவர்கள் யாருக்காகப் பேசுவார்கள்? எஞ்சிய நாட்டின் சார்பில் ஸ்காட்லாந்தோடு பேரம் பேசும் அரசையே அவர்களுடைய ஓட்டு தாங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 2014-ல் ஆம் வென்றிருந்தால், 2015 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 59 ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் பத்து மாதம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள், ஒருவேளை போகும்போது ஒரு அரசையும் கவிழ்த்துவிட்டு. பிரபுக்கள் சபையின் அரசியலமைப்புக் குழு 2014 மே மாதமே இதைப் பேசியது, எஞ்சிய நாட்டுக்காக ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் பேச்சுவார்த்தை நடத்தக் கூடாது என்றது. நல்ல ஆலோசனை. ஆனால் ஆலோசனையாகவே நின்றுவிட்டது, யாரும் சட்டமாக்கவில்லை. 2004-ல் இங்கிலாந்து மாணவர்களின் கல்விக் கட்டண மசோதா வெறும் ஐந்து ஓட்டில், அதுவும் ஸ்காட்லாந்து உறுப்பினர்களின் ஓட்டோடு இரண்டாம் வாசிப்பைத் தாண்டியபோது எழுந்த கசப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அது ஒரு மசோதா. இது நாட்டின் எல்லை.

அப்புறம் மிச்சமிருக்கும் ஒன்றியத்தின் உருவம். ஸ்காட்லாந்து இல்லாத ஐக்கிய இராச்சியத்தில் மக்கள் தொகையில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இங்கிலாந்தாக இருக்கும். வேல்ஸும் வட அயர்லாந்தும் அந்த வீட்டில் எப்படி வாழும்? வேல்ஸ் சும்மா இருக்கவில்லை, ரோவன் வில்லியம்ஸும் லாரா மெக்கலிஸ்டரும் தலைமை வகித்த ஆணையம் 2024 ஜனவரியில் வேல்ஸின் எதிர்காலம் பற்றி அறிக்கையே கொடுத்துவிட்டது. கொடுக்காமல் இருப்பது நீங்கள்தான். 2016-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஹோலிரூட் நிரந்தரமானது என்று எழுதினீர்கள், அதன் சம்மதமில்லாமல் அதன் விஷயங்களில் வெஸ்ட்மின்ஸ்டர் சாதாரணமாகச் சட்டமியற்றாது என்றும் எழுதினீர்கள். 2017-ல் பிரெக்ஸிட் பற்றி உச்ச நீதிமன்றத்தில் முடிந்த மில்லர் வழக்கில் அது நீதிமன்றம் அமல்படுத்தக்கூடிய விதி இல்லை என்று தெரியவந்தது. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் சட்டத்துக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் சம்மதம் தர மறுத்தன, சட்டம் நிறைவேறியது. உள்ளே இருக்கும்போது சம்மதம் சட்டப்படி எடுபடாது, வெளியே போவதற்கும் சட்டப்படி வழியில்லை என்றால், அங்கே விருப்பத்துக்கு எங்கே இடம்?

ஹோலிரூட் உறுப்பினர்களே, உங்களையும் விடப் போவதில்லை. சுதந்திரம் கேட்கிற பக்கம் அதன் மறுநாளைப் பற்றி இன்னும் நேராகப் பேச வேண்டும். இன்று இந்த மண்ணில் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்துக்கு முரணாக ஹோலிரூட் சட்டம் போட்டால் அது சட்டமே இல்லை. அந்தப் பாதுகாப்பைத் தருவது வெஸ்ட்மின்ஸ்டர் இயற்றிய ஸ்காட்லாந்துச் சட்டம்தான். பிரியும் நாளில் அந்தச் சட்டம் உதிர்ந்துவிடும். அந்த இடத்தில் அன்று காலையே என்ன நிற்கும்? 2014-ல் ஓர் இடைக்கால அரசியலமைப்பு வரைவை வெளியிட்டீர்கள், 2023-லும் அரசியலமைப்பு பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டீர்கள். ஆனால் நிரந்தர அரசியலமைப்பை எழுதும் மன்றத்தில் யார் உட்காருவார்கள், அது எத்தனை வருடம் எடுக்கும், அதுவரை இடைக்கால விதியை ஒரு சாதாரணப் பெரும்பான்மை மாற்றிவிடலாமா என்பதெல்லாம் ஓட்டுக்கு முன் எங்கள் கையில் இருக்க வேண்டிய விவரங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மறுபடி சேர்ந்தால் இங்கிலாந்து எல்லையில் கிரெட்னாவில் சரக்கு லாரிகள் நிற்குமா, ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தில் இருக்கும் அணு ஆயுத நீர்மூழ்கிகள் எந்தத் தேதியில் போகும், இதற்கெல்லாம் பதில் பேச்சுவார்த்தையில் தெரியும் என்பது போதாது.

அயர்லாந்தின் கதை உங்கள் இருவருக்கும் பாடமாக இருந்திருக்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தை விட்டுப் பிரிந்த ஐரிஷ் சுதந்திர அரசின் அரசியலமைப்பை 1922-ல் டப்ளினில் ஒரு முறை இயற்றினார்கள், லண்டனில் ஒரு முறை இயற்றினார்கள். அதிகாரம் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற தகராறு தீராமல் 1937-ல் மக்கள் ஓட்டோடு புதிய அரசியலமைப்பையே கொண்டுவர வேண்டி வந்தது. பிரிட்டனில் வாழ்ந்த ஐரிஷ்காரர்களைப் பொறுத்தவரை, அயர்லாந்து அந்நிய நாடு இல்லை என்று வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில் எழுதியது 1949-ல். பிரிந்து 27 வருடம் கழித்து. அதற்குள் ஒரு தலைமுறையே இங்கே வேலை செய்து ஓய்ந்திருக்கும்.

முன்கூட்டியே எழுதி வைத்தவர்களும் இருக்கிறார்கள். செர்பியாவும் மாண்டினீக்ரோவும் 2003-ல் சேர்ந்து வாழ ஒப்புக்கொண்டபோதே, மூன்று வருடம் கழித்து யார் வேண்டுமானாலும் வாக்கெடுப்பு நடத்திப் போகலாம், ஒருவர் போனால் ஒன்றியத்தின் இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்வார் என்று சாசனத்தில் போட்டார்கள். 2006-ல் மாண்டினீக்ரோ நடத்திய வாக்கெடுப்பில், பிரிய 55 சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனையில் 55.5 சதவீதம் கிடைத்தது. அவ்வளவு நெருக்கமான முடிவு, அந்தப் பகுதி பார்த்த ரத்தத்துக்குப் பிறகு, அமைதியாக முடிந்தது. கனடாவில் 1995-ல் பிரிவதா என்ற வாக்கெடுப்பில் கியூபெக் மாகாணம் மயிரிழையில் தங்கியது. 1998-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கியூபெக் தன்னிச்சையாகப் போக முடியாது என்றது, தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் பழக்கம் வெஸ்ட்மின்ஸ்டரில் சிலருக்கு இருக்கிறது. இரண்டாவது பாதியையும் படியுங்கள்.

வழியை எழுதி வைத்தால் போகிற ஆசை கூடிவிடும் என்று ஒரு பயம் உங்களுக்கு உண்டு, எனக்குத் தெரியும். வட அயர்லாந்தின் வழி 1998-லிருந்து திறந்தே இருக்கிறது, அதன் கீழ் ஒரு வாக்கெடுப்பும் இன்றுவரை நடக்கவில்லை. கனடாவில் பிரிவினைக் கேள்வியும் பெரும்பான்மையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற தெளிவுச் சட்டம் 2000-ல் வந்த பிறகு கியூபெக்கில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. எழுதாமல் வைத்ததால் ஸ்காட்லாந்தில் கேள்வி மறைந்துவிட்டதா என்றும் நீங்களே பாருங்கள்.

இனி நான் கேட்பவை.

ஸ்காட்லாந்துச் சட்டத்தைத் திருத்தி, வாக்கெடுப்பு எந்த நிலையில் கட்டாயமாகும் என்பதை இரண்டு நாடாளுமன்றங்களும் சேர்ந்து எழுதுங்கள். அமைச்சரின் தோன்றலுக்கு விடாமல், ஹோலிரூடில் இன்ன அளவு ஆதரவு, இன்ன இடைவெளி என்று எண்ணிப் பார்க்கக்கூடிய அளவாக இருக்கட்டும். இடைவெளி ஏழு வருடமோ பதினைந்தோ, அதை நீங்கள் விவாதித்து முடிவு செய்யுங்கள். வெற்றிக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பது என் கருத்து, ஸ்காட்லாந்துக்கெனத் தனி மன்றம் வேண்டுமா என்ற 1979 வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் ஆம் என்றும் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் என்ற நிபந்தனையால் அது செல்லாமல் போன காயம் இங்கே இன்னும் ஆறவில்லை. வேறு அளவு வைப்பதானால் அதை இப்போதே, வெளிப்படையாக, வாக்கெடுப்புத் தேதி கண்ணில் தெரியாத காலத்திலேயே வையுங்கள்.

ஓட்டுரிமை 2014-ல் இருந்ததைவிடக் குறையக் கூடாது. ஹோலிரூட் தேர்தலில் 2020-ஆம் ஆண்டின் சட்டம் இங்கே சட்டப்படி வசிக்கும் எல்லா நாட்டவருக்கும் ஓட்டுக் கொடுத்திருக்கிறது, அகதிகள் உட்பட. அதே பட்டியல்தான் இதற்கும் வேண்டும்.

மனிதர்களின் நிலை பற்றிய சட்டம், வாக்கெடுப்பு அறிவிக்கப்படும் முன்பே இரண்டு நாடாளுமன்றங்களிலும் நிறைவேறியிருக்க வேண்டும். கேட்காமல் யாருடைய பிரிட்டிஷ் குடியுரிமையும் போகாது என்று அதில் இருக்கட்டும். பிரியும் நாளில் செல்லுபடியாகும் எந்தத் தங்கும் அனுமதியும், காலவரையறை உள்ளதோ இல்லாததோ, இரண்டு நாட்டிலும் கட்டணமும் புது விண்ணப்பமும் இல்லாமல் தொடரட்டும், குடியுரிமைக்காக எண்ணிய வருடங்களும் அப்படியே எண்ணப்படட்டும், ஸ்காட்லாந்தில் வசித்த காலம் வெளியே இருந்த காலமாக ஒருநாளும் கணக்காகக் கூடாது. தேசியக் காப்பீட்டு வருடங்களை எந்த நாடு எண்ணி எந்த நாடு பணம் தரும் என்பதும் அதே சட்டத்தில் வர வேண்டும்.

எஞ்சிய நாட்டின் சார்பில் யார் பேசுவார், அந்தக் காலத்தில் 57 உறுப்பினர்கள் எவற்றில் ஓட்டுப் போடலாம், எந்த நாளில் எழுந்து போவார்கள், பேச்சுவார்த்தை குறைந்தது எவ்வளவு காலம், அது முறிந்தால் யார் முன் போவது என்று வெஸ்ட்மின்ஸ்டர் தன் பங்குக்கு எழுதட்டும். உரிமைகளைப் பூட்டி வைத்த இடைக்கால அரசியலமைப்பை முழு வாசகத்தோடு ஹோலிரூட் தன் பங்குக்கு வாக்கெடுப்புக்கு ஒரு வருடம் முன்பாவது வெளியிடட்டும்.

இதற்காக இரண்டு நாடாளுமன்றங்களின் உறுப்பினர்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் கூட்டுக் குழுவை இந்தக் கூட்டத்தொடரிலேயே அமையுங்கள். வேல்ஸிலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் ஆட்களை அழையுங்கள். இங்கே குடியேறி வாழ்கிறவர்களின் சாட்சியத்தை அந்தக் குழு நேரில் கேட்க வேண்டும், கூப்பிட்டால் நானும் வருகிறேன், என்னோடு வேலை பார்த்தவரும் தன் கடிதக் கட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் தொகுதியைச் சேர்ந்த உங்கள் இருவருக்கும், வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒருவர் ஹோலிரூடுக்கு ஒருவர், இந்த மடலைத் தனித்தனியாகவும் அனுப்புகிறேன். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கிளாஸ்கோ வாக்காளர் ஒருவர்